'அவிட்' என்ற ஆங்கிலச் சொல்: வாசகருக்கும் ஸ்கேன் அறிக்கைக்கும் பொதுவான பொருள் எது?

கேள்வி
எழுதியவர்: திண்ணைவாசகன்

குழும அன்பர்களுக்கு வணக்கம். ஏ, வி, ஐ, டி என்ற நான்கு எழுத்துகளால் ஆன 'அவிட்' என்னும் ஆங்கிலப் பெயரடையைப் பற்றி விளக்கம் வேண்டி இதை எழுதுகிறேன். பள்ளிக் காலம் முதல் இச்சொல்லை 'அவிட் ரீடர்' என்ற தொடரில்தான் கண்டு வந்திருக்கிறேன். ஓயாமல் படிப்பவர், படிப்பில் பேரார்வம் கொண்டவர் என்று பொருள் கொண்டதோடு சரி, அதற்கு மேல் யோசிக்க வேண்டிய தேவை வரவில்லை.

அண்மையில் என் பெரியப்பாவுக்கு பெட் ஸ்கேன் எடுத்தார்கள். அதன் அறிக்கையில், கழுத்தில் உள்ள நிணநீர்க் கணுக்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில் 'எஃப்.டி.ஜி. அவிட்' என்று எழுதியிருந்தது. அடுத்த பத்தியிலேயே, நுரையீரலில் உள்ள சிறு முடிச்சு ஒன்று 'அவிட்' அல்லாதது என்றும் இருந்தது. மருத்துவர் நிலைமையை எங்களுக்குப் பொறுமையாக விளக்கிவிட்டார். அடுத்து செய்ய வேண்டிய பரிசோதனைக்கும் நாள் குறித்தாகிவிட்டது. ஆகவே நான் இங்கே மருத்துவ ஆலோசனை கேட்கவில்லை. ஆனால் பெரியப்பா பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அறிக்கையை வாங்கி வரிவரியாகப் படித்தவர், "ஆர்வமுள்ள கணு என்றால் என்னடா பொருள்?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

அகராதியைப் புரட்டினால் 'பேரார்வமுள்ள' என்பதும் 'பேராசை கொண்ட' என்பதும் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று பாராட்டு, மற்றது பழி. ஒரே சொல் இரண்டையும் எப்படிச் சுமக்கிறது? 'ஆர்டன்ட்', 'ஃபெர்வன்ட்', 'ஸெலஸ்' போன்ற பிற சொற்களிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது? அறிந்தவர்கள் விரிவாகச் சொன்னால், அப்படியே அச்செடுத்துப் பெரியப்பாவிடம் கொடுப்பேன்.

மறுமொழி 1
எழுதியவர்: மெய்ப்புநோக்கி

ஐயா, தங்கள் பெரியப்பா விரைவில் நலம்பெற வேண்டுகிறேன். ஆங்கில நூல்களுக்குப் படி திருத்துவதே என் தொழில் என்பதால் இச்சொல்லோடு நாள்தோறும் பழகுகிறேன். தாங்கள் கேட்டதில் மருத்துவப் பகுதியை அத்துறையினருக்கு விட்டுவிட்டு, பொது வழக்கை மட்டும் சொல்கிறேன்.

அகராதி தரும் இரண்டு பொருள்களில் மூத்தது பேராசைதான். 'ஏங்கு, மிக விரும்பு' என்னும் பொருளுடைய 'அவேரெ' என்ற இலத்தீன் வினையிலிருந்து 'அவிடுஸ்' என்ற பெயரடை பிறந்தது. அது பிரெஞ்சில் 'அவீத்' ஆகி, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் 'அவிட்' என்று வழங்கத் தொடங்கியது. இதன் பெயர்ச்சொல்லான 'அவிடிட்டி' அதற்கும் மூன்று நூற்றாண்டு முன்பே ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. பொருளாசையைக் குறிக்கும் 'அவரிஸ்' என்ற சொல்லும் அதே வினையின் வழி வந்ததே. ஆகவே ஆர்வம் என்ற நல்ல பொருளுக்குக் கீழே எப்போதும் ஒரு பசி இருக்கிறது. இந்தப் பசியை மனத்தில் வைத்துக்கொண்டால் இச்சொல்லின் பயன்பாடு ஏறத்தாழ முழுவதும் விளங்கிவிடும் என்பது என் துணிபு.

முதலாவதாக, எந்தப் பெயர்ச்சொற்களுடன் இது சேர்கிறது என்று பாருங்கள். வாசகர், சேகரிப்பாளர், திரைப்பட ரசிகர், பறவை நோக்குபவர், தோட்டம் போடுபவர், கால்ஃப் ஆடுபவர், தூண்டில் போடுபவர் ஆகியோரோடு மிக இயல்பாகச் சேரும். இவர்கள் எல்லோரும் தாமே விரும்பி, மீண்டும் மீண்டும், போதும் என்று சொல்லாமல் ஒன்றை நுகர்கிறவர்கள் அல்லது செய்கிறவர்கள். வாசகர் ஒரு புத்தகத்தை முடித்த கையோடு அடுத்ததைத் திறக்கிறார். நாணயம் சேர்ப்பவருக்குப் பெட்டி நிறைந்தாலும் மனம் நிறைவதில்லை. அதே சொல்லை 'அறுவை மருத்துவர்', 'கணக்காளர்' என்ற பெயர்களுக்கு முன்னால் வைத்தால் ஆங்கிலக் காது ஒப்புக்கொள்ளாது. சம்பளத்துக்காகச் செய்யும் கடமை, எவ்வளவு ஈடுபாட்டோடு செய்தாலும், 'அவிட்' ஆவதில்லை. அங்கே 'டெடிகேட்டட்', 'கமிட்டட்' போன்ற சொற்களே பொருந்தும்.

இரண்டாவது, இடம். பெரும்பாலும் இது பெயருக்கு முன்னால் மட்டுமே நிற்கும். 'ஹி இஸ் அவிட்' என்று வாக்கியத்தை முடித்துவிட்டால், எதற்கு என்ற கேள்வி தொக்கி நிற்கும். பயனிலையாக வர வேண்டுமானால் 'ஃபார்' என்ற முன்னிடைச்சொல்லோடு வரும்: செய்திக்கு அவிட், புகழுக்கு அவிட், அதிகாரத்துக்கு அவிட். கவனியுங்கள், இந்த அமைப்பில் பழைய பேராசை மீண்டும் தலைகாட்டுகிறது. 'அவிட் ரீடர்' என்று ஒருவரைச் சொன்னால் அவர் மகிழ்வார். 'அவிட் ஃபார் பவர்' என்று சொன்னால் மகிழ மாட்டார். ஒரே சொல் பாராட்டாவதும் பழியாவதும் பசிக்கு இரையாவது எது என்பதைப் பொறுத்தது. தங்கள் முதல் ஐயத்துக்கு இதுவே என் விடை.

மற்றச் சொற்களுக்கு வருகிறேன். 'ஆர்டன்ட்' என்பது 'எரி' என்ற பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. வடித்தெடுத்த சாராய வகைகளை ஆங்கிலத்தில் 'ஆர்டன்ட் ஸ்பிரிட்ஸ்' என்று சொன்னது அதனால்தான். காதலன், ஆதரவாளன், தேசபக்தன் ஆகியோர் ஆர்டன்ட். அவர்களுக்கு உள்ளே கனல் உண்டு. ஆனால் அவர்கள் எதையும் தின்று தீர்ப்பதில்லை. 'ஃபெர்வன்ட்' என்பது கொதித்துப் பொங்குவது. வேண்டுதலும் நம்பிக்கையும் ஃபெர்வன்ட் ஆகலாம், புத்தகம் படிப்பவர் ஆவதில்லை. 'கீன்' என்பது இவற்றுள் மிகச் சாதாரணமான சொல். குறிப்பாகப் பிரிட்டனில் எதற்கும் பயன்படும்.

'ஸெலஸ்' மட்டும் சற்றுத் தனி. பொறாமையைக் குறிக்கும் 'ஜெலஸ்' என்ற சொல்லும் இதுவும் ஒரே கிரேக்க வேரிலிருந்து வந்த உடன்பிறப்புகள். ஒரு கொள்கைக்காகவோ ஒரு தரப்புக்காகவோ முனைந்து நிற்பவரே ஸெலஸ். அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் 1969ஆம் ஆண்டு நடத்தை நெறிகள், வழக்கறிஞர் தம் கட்சிக்காரருக்காகச் சட்டத்தின் வரம்புக்குள் நின்று ஸெலஸாக வாதாட வேண்டும் என்று விதித்தன. அந்த இடத்தில் அவிட் என்று எழுதியிருந்தால், வழக்கு நடத்துவதில் தீராத ஆசை கொண்டவர் என்ற விபரீதப் பொருள் வந்திருக்கும்.

மறுமொழி 2
எழுதியவர்: ஐசோடோப்பு

அணு மருத்துவப் பிரிவில் தொழில்நுட்பராகப் பணிபுரிகிறேன். மேலே உள்ளவர் 'பசி' என்று எழுதியதைப் படித்ததும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் துறையில் அது உவமை கூட அன்று, நடப்பதே அதுதான்.

எஃப்.டி.ஜி. என்பது குளுக்கோஸைப் போன்ற ஒரு மூலக்கூறு. அதில் ஓரிடத்தில் மட்டும் ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணு பொருத்தப்பட்டிருக்கும். உடலின் செல்கள் அதைச் சர்க்கரை என்று எண்ணியே உள்ளே எடுத்துக்கொள்கின்றன. உள்ளே போனபின் முதல் வேதிமாற்றம் மட்டும் நடக்கிறது. அதற்கு மேல் அதைச் சிதைத்து ஆற்றலாக்க முடியாததால் பெரும்பாலான செல்களில் அது அங்கேயே தங்கிவிடுகிறது. எந்த இடம் அதிகம் சர்க்கரை கேட்கிறதோ அந்த இடத்தில் கதிரியக்கம் குவிந்து, படத்தில் பளிச்சென்று தெரிகிறது. புற்றுநோய்ச் செல்கள் பல, வழக்கத்தை மீறிய அளவில் குளுக்கோஸை உட்கொள்கின்றன என்பதை ஜெர்மானிய அறிவியலாளர் ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டறிந்தார். பெட் ஸ்கேன் அந்தப் பசியைத்தான் படம் பிடிக்கிறது.

ஆகவே 'எஃப்.டி.ஜி. அவிட் கணு' என்றால், அந்த மூலக்கூற்றைச் சுற்றியுள்ள திசுவைவிட மிகுதியாக இழுத்துக்கொள்ளும் கணு என்று பொருள். ஆர்வம் என்று மொழிபெயர்த்தால் பொருள் கெட்டுவிடும். 'சர்க்கரையை மிகுதியாக ஈர்க்கும் கணு' என்று பெரியப்பாவிடம் சொல்லுங்கள்.

உண்ணாமல் வரச் சொல்வதும் இதனால்தான். குறைந்தது நான்கு முதல் ஆறு மணி நேரமாவது வெறும் வயிற்றில் இருக்க வேண்டும். இரத்தச் சர்க்கரை 200 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பல மையங்களில் ஸ்கேனைத் தள்ளி வைத்துவிடுவார்கள். இரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை நிறைந்திருந்தால் நாம் செலுத்தும் எஃப்.டி.ஜி.க்குப் போட்டி வந்துவிடுகிறது. ஊசி போட்டபின் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பேசாமல், நடக்காமல், போர்வை போர்த்திப் படுத்திருக்கச் சொல்வோம். அந்த நேரத்தில் ஓயாமல் பேசினால் தொண்டைத் தசைகள் சர்க்கரையை எடுத்துக்கொண்டு படத்தில் ஒளிரும். ஃபுளோரின்-18 ஏறத்தாழ 110 நிமிடங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும் என்பதால் எல்லாவற்றையும் காலம் பார்த்தே செய்கிறோம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அறிக்கையில் இச்சொல்லைப் பார்த்த குடும்பங்கள் காத்திருப்பு அறையிலேயே கண் கலங்குவதைக் கண்டிருக்கிறேன். அவிட் என்பது நோயின் பெயர் அன்று. மூளை எப்போதும் எஃப்.டி.ஜி.யை மிகுதியாக ஈர்க்கும். இதயத் தசையும் ஈர்ப்பதுண்டு. சிறுநீரில் வெளியேறுவதால் சிறுநீர்ப்பை கட்டாயம் ஒளிரும். காசநோய் தாக்கிய கணு, ஆறிவரும் அறுவைக் காயம், அண்மையில் தடுப்பூசி போட்ட கையின் அக்குள் கணு ஆகியவையும் அவிட் ஆகலாம். நம் நாட்டில் காசநோய் மிகுதி என்பதால், திசுப் பரிசோதனை பார்க்காமல் மருத்துவர்கள் பெரும்பாலும் முடிவு சொல்வதில்லை. மறுபக்கம், மெதுவாக வளரும் சில புற்றுநோய்கள் எஃப்.டி.ஜி.யை அதிகம் ஈர்ப்பதில்லை. மிகச் சிறிய முடிச்சுகளின் ஈர்ப்பு படத்தில் தெரியாமலும் போகலாம். ஆகவே அவிட் அல்லாதது என்ற குறிப்பும் தன்னளவில் முடிந்த முடிவாகாது. இரண்டையும் மருத்துவர்தான் சேர்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மொழி சார்ந்த ஒரு வேறுபாட்டையும் கவனித்திருக்கிறேன். எங்கள் அறிக்கைகளில் 'மைல்ட்லி அவிட்', 'இன்டென்ஸ்லி அவிட்' என்று அளவு சொல்லும் அடைகள் தயங்காமல் முன்னே வரும். பொது ஆங்கிலத்தில் ஒருவரை 'மிதமான அவிட் வாசகர்' என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

மறுமொழி 3
எழுதியவர்: சொல்வேர்

அருமையான விளக்கங்கள். எனக்குத் தோன்றுவது இது: தமிழில் ஆசையைக் குறிக்கும் 'அவா' என்ற சொல் இருக்கிறது. இலத்தீன் 'அவேரெ', 'அவிடுஸ்' ஆகியவற்றின் ஒலியும் பொருளும் அதனோடு இவ்வளவு நெருங்கி நிற்பதைப் பார்த்தால், தமிழ் 'அவா'வே அங்கே சென்றிருக்கலாம் அல்லவா? 'அவிட்' என்பதற்கு 'அவாவிய' என்றே மொழிபெயர்த்துவிடலாமே.

மறுமொழி 4
எழுதியவர்: மெய்ப்புநோக்கி

நண்பரே, ஒற்றுமை கண்ணைக் கவர்வதுதான். ஆனால் இரண்டு சொற்கள் ஒலியில் ஒத்திருப்பது மட்டும் உறவுக்குச் சான்றாகாது. உறவு உண்டு என்று சொல்ல வேண்டுமானால், ஒரே ஒலிமாற்றம் பல சொற்களில் ஒழுங்காக அமைந்திருப்பதைக் காட்ட வேண்டும். அல்லது ஒன்று மற்றொன்றுக்குப் போன வழியைக் காட்ட வேண்டும். இங்கே இரண்டும் இல்லை. இலத்தீன் சொல்லுக்கு அதன் வீட்டிலேயே சுற்றம் நிறைய உண்டு. 'துணி' என்று பொருள்படும் 'ஔதேரெ' என்ற வினை 'அவிடுஸ்' என்பதன் வழி வந்தது என்பதே மொழியறிஞர்கள் ஏற்ற கருத்து; ஆங்கிலத்தின் 'அடேஷியஸ்', அதாவது துணிச்சல் மிக்க, என்ற சொல் அங்கிருந்து வந்தது. மிக வேண்டுகிறவன்தான் துணிவான் என்பது போல அந்த இரு பொருள்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. 'அவா'வின் சுற்றம் தமிழில் இருக்கிறது. தமிழுக்கு இல்லாத பெருமையைத் தேடிக் கொடுக்க வேண்டிய அவசியம் தமிழுக்கு இல்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை, 'அவா' தமிழில் பெரும்பாலும் விலக்க வேண்டிய ஒன்றாகவே வருகிறது. திருக்குறளில் 'அவா அறுத்தல்' என்றே ஓர் அதிகாரம் உண்டு. ஆகவே அதிகாரத்துக்கும் பணத்துக்கும் ஏங்குகிறவரைச் சொல்லும்போது அது பொருந்தும், வாசகரைப் பாராட்டும்போது பொருந்தாது. ஆசிரியரான பெரியப்பாவுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு சொல் 'வேணவா'. வேட்கையும் அவாவும் புணர்ந்து வேணவா ஆகும் முறையைத் தொல்காப்பியமே தனி நூற்பாவில் சொல்கிறது. வேட்கை மேலும் பெருகிய நிலைக்கு அது பெயர். 'அவிடிட்டி' என்ற பெயர்ச்சொல்லுக்கு அதைவிட நெருங்கிய தமிழ்ச் சொல்லை நான் கண்டதில்லை. அன்றாட எழுத்தில் 'தீராத வாசிப்புப் பசி உடையவர்', 'தணியாத ஆவலோடு படிப்பவர்' என்று எழுதினாலே போதும். 'தீவிர வாசகர்' என்று இன்று பரவலாக எழுதுகிறார்கள். அது தவறில்லை என்றாலும், தீவிரம் என்பதில் முனைப்புத் தெரிகிறதே தவிர, பசி தெரியவில்லை.

மீண்டும் கேட்டவர்
எழுதியவர்: திண்ணைவாசகன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெரியப்பா 'வேணவா' என்ற சொல்லைக் கண்டதும், நூற்பாவை மனப்பாடமாகச் சொல்லி, ட் எப்படி ண் ஆகிறது என்று எனக்குப் பாடமே நடத்திவிட்டார். அணு மருத்துவ அன்பர் எழுதிய பகுதியை என் பெரியம்மா இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். அதற்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

இதைத் தொடர்ந்து ஒரு சிறு ஐயம். என் மகள் வேலைக்கு விண்ணப்பிக்கத் தன்விவரக் குறிப்பு எழுதியிருக்கிறாள். அதில் 'அவிட் டெவலப்பர்', 'அவிட் லர்னர்', 'அவிட் ரீடர்' என்று மூன்று இடங்களில் இச்சொல் வருகிறது. மேலே சொன்னதன்படி பார்த்தால் முதலாவது பொருந்தாது போலத் தோன்றுகிறது. என் கணிப்பு சரியா?

மறுமொழி 5
எழுதியவர்: கரைக்கணக்கு

மீன்வளப் புள்ளியியல் படித்தவன் என்ற முறையில் ஒரு செய்தி சேர்க்கிறேன். இது தங்கள் மகளின் குறிப்புக்கும் நேராகப் பயன்படும்.

அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்கள் மிகுதி. அவர்கள் எவ்வளவு மீன் பிடிக்கிறார்கள் என்று கணக்கிட, கணக்கெடுப்பாளர்கள் படகுத்துறையிலும் கரையிலும் நின்று வருவோரை நிறுத்திக் கேட்பார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆண்டுக்கு 100 நாள் கரைக்கு வருகிறவர், 10 நாள் மட்டும் வருகிறவரைவிடக் கணக்கெடுப்பாளர் கண்ணில் படும் வாய்ப்பு ஏறத்தாழ பத்து மடங்கு. திருத்தாமல் விட்டால், அடிக்கடி வருகிறவர்களின் பழக்கமே எல்லோருடைய பழக்கமாகக் கணக்கில் ஏறிவிடும். இந்தச் சாய்வுக்குப் பெயரே 'அவிடிட்டி பயஸ்'. அதை நீக்க, ஆண்டில் எத்தனை முறை வந்தீர்கள் என்று கேட்டு, அடிக்கடி வருகிறவரின் விடைக்கு அதற்கேற்பக் குறைந்த எடை தருவார்கள்.

இங்கே 'அவிடிட்டி' என்பது மனத்தில் எவ்வளவு ஆசை இருக்கிறது என்பதை அளக்கவில்லை. எத்தனை முறை செய்தார் என்பதை அளக்கிறது. ஆகவே விண்ணப்பத்தில் அவிட் என்று எழுதுகிறவரிடம், நேர்காணலில் 'எவ்வளவு, எத்தனை முறை' என்று கேட்டால் விடை இருக்க வேண்டும்.

மறுமொழி 6
எழுதியவர்: மெய்ப்புநோக்கி

கரைக்கணக்கு அன்பர் சொன்னது பொன்னான செய்தி. எனக்கு இது புதியது.

ஐயா, தங்கள் கணிப்பு சரியே. சம்பளத்துக்காகச் செய்யப்போகும் வேலையின் பெயருக்கு முன்னால் அவிட் நிற்காது. ஓய்வு நேரத்தில் தாமாகவே நிரல் எழுதிப் பார்க்கும் பழக்கம் மகளுக்கு இருந்தால், அதைப் பொழுதுபோக்குப் பகுதியில் 'அவிட் ஹாபி புரோகிராமர்' என்ற பொருள்பட எழுதலாம். 'அவிட் லர்னர்' இலக்கணப்படி குற்றமில்லை. ஆனால் எல்லா விண்ணப்பங்களிலும் வந்து வந்து தேய்ந்துபோன தொடர் அது. அதை எடுத்துவிட்டு, கடந்த ஆண்டில் முடித்த இரண்டொரு படிப்புகளின் பெயரைப் போடச் சொல்லுங்கள். 'அவிட் ரீடர்' மட்டும் இருக்கட்டும். அதன் பக்கத்தில் எந்த வகை நூல்கள் என்று ஒரு சொல் சேர்த்தால் போதும்: வரலாறு, துப்பறியும் கதை, பயணம், எதுவானாலும் சரி. உச்சரிப்பையும் சொல்லிவிடுங்கள். முதல் அசையில் 'ஆப்பிள்' என்பதற்கு ஆங்கிலேயர் தரும் அந்த விரிந்த குறுகிய ஒலி, அழுத்தமும் அங்கேதான்.